ஏழாம் குழியில் வண்டி நிறுத்தும் முறை

தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. கோல்ஃப் விளையாட வருகிறவர்கள் மட்டை பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் செலவழிப்பார்கள். மட்டைப் பையைச் சுமக்கும் மூன்று சக்கர வண்டியை எங்கே விட வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, அதை கிரீன் என்போம். அதற்கு முன்னால் வண்டியை நிறுத்தக் கூடாது. பின்பக்கமாக, அடுத்த ஆட்டம் தொடங்கும் மேட்டை ஒட்டி நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஆடி முடித்தவர் வந்த வழியே திரும்பாமல் நேரே போகலாம், பின்னால் வருகிறவர்களும் காத்துக் கிடக்க வேண்டாம். இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நீங்கள் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். காலை ஆட்டத்தில் உடன் இருந்தேன், பல் டாக்டர் நெஞ்சுவலி வந்து விழுந்தார், ஆட்களைக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான்கும் உண்மைதான். ஆனால் நீங்கள் போலீஸ் ஆய்வாளர் என்றால், நானும் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஆய்வாளனாக இருந்தவன். அறிக்கை என்றால் நடந்தது நடந்த வரிசையில் இருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

கட்டடம் கட்டடமாகப் போய்க் கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்துச் சான்றிதழ் ஒட்டுவது என் வேலை. என் கையெழுத்து எத்தனையோ லிஃப்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஏறி இறங்கியவர்களில் ஒருவர்கூட அதைப் படித்திருக்க மாட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. விழாத லிஃப்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

வீட்டில் நான் ஒருத்தன்தான். மனைவி தன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று போனாள். தங்கைக்கு உடம்பு சரியாகிப் பதினாறு வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. போன் செய்தால் எடுப்பாள், என்ன சமையல் என்று கேட்பாள், வைத்துவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு சில நாள் சாயங்காலம் நானாகத் தொண்டையைச் செருமிக்கொள்வேன், குரல் இருக்கிறதா என்று பார்க்க. காலையிலிருந்து பேசியிருக்கவே மாட்டேன்.

மைதானத்தில் சேர்ந்தது டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக. வெறுமனே நடக்க எனக்குப் பிடிக்காது, எதையாவது தள்ளிக்கொண்டு நடந்தால் ஒரு காரியம் மாதிரி இருக்கும். அங்கே தள்ளுவண்டிக்காரர்கள் நடந்துகொண்ட லட்சணத்தைப் பார்த்து ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஈரச் சக்கரத்தோடு கிரீன் மேலேயே ஏற்றுவார்கள். மணல்குழிக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான புல்லில் ஓட்டிப் பள்ளம் போடுவார்கள். சரிவில் பிரேக் போடாமல் விட்டுவிட்டு, வண்டி தானாக உருண்டு போவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பார்கள். பதினாலு விதி எழுதிக் கமிட்டியிடம் கொடுத்தேன். அவர்கள் அதைச் சட்டம் போட்டு வருகிறவர்கள் பெயர் பதியும் முன்மேசைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அடுத்த வாரமே யாரோ அதே ஆணியில் மழைக்கோட்டை மாட்டிவிட்டார்கள்.

விதியைப் படித்த ஒரே ஆள் பல் டாக்டர்தான்.

முதல் நாள் அவரும் எல்லாரையும் போலக் கிரீனுக்கு முன்னால்தான் வண்டியை நிறுத்தினார். நான் போய்ச் சொன்னேன். மற்றவர்களாக இருந்தால் உங்கள் வேலையைப் பாருங்கள் என்பார்கள். இவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அட, தப்பா? அப்ப எங்க நிறுத்தணும்னு நீங்களே காட்டிடுங்க சார்" என்றார். அடுத்த முறை பார்த்தபோது தூரத்திலேயே கையைத் தூக்கினார். "பதினாலுல பன்னண்டு மனப்பாடம் ஆயிடுச்சு. மீதி ரெண்டும் கடைவாய்ப் பல்லு மாதிரி, வரவே மாட்டேங்குது." அன்றிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் சட்டம். "என்ன சட்டம், சாப்பிட்டாச்சா?" என்பார். கிண்டல்தான். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை, அதனால் கிண்டலைக் கண்டுகொள்ளவில்லை.

பதினோரு வருடம். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் இரண்டு வண்டியும். மற்ற ஐந்து நாளும் நான் சக்கரம் துடைத்தேன், மட்டை துடைத்தேன், செவ்வாய்க்கிழமை என்ன பேசலாம் என்று யோசித்து வைத்தேன். அவருக்கு மகள் உண்டு, பேரப் பிள்ளைகள் உண்டு, எங்கே போனாலும் வாயைத் திறந்து காட்டிச் சந்தேகம் கேட்கிற பழைய நோயாளிகள் உண்டு. எனக்கு இருந்தது அந்த இரண்டு காலைதான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஏழாம் குழி. நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் ஆடுகிறவர் கண்ணோடு பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த கிரீன் கிண்ணம் போன்ற பள்ளத்தில் இருக்கிறது. அடுத்த ஆட்டம் தொடங்கும் மேடு அதற்கு நேர் மேலே. ஆள் ஏறுவதற்கு மரக்கட்டைப் படி நாற்பத்திரண்டு. வண்டியைப் படியில் ஏற்ற முடியாது, பின்பக்கம் வளைந்து போகும் பாதையில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் பந்தைக் குழியில் போட்டு முடிக்கிறார்களோ அவர் இரண்டு வண்டியையும் மேலே கொண்டுபோய்விடுவார். மற்றவர் ஆடி முடித்து வெறும் கையோடு படியேறி வருவார். நேரம் மிச்சம். நான் சட்டுப்புட்டென்று அடிப்பவன், அவர் குழியை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, பந்தோடு பேசிவிட்டு அடிப்பவர். எனவே பதினோரு வருடமாக அந்த இடத்தில் அவர் வண்டியைத் தள்ளியது நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் கோளாறு கண்டுபிடித்தார்கள். வலி வந்தால் நாக்கடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே கொடுத்தார்கள். கட்டைவிரல் அளவு சின்னப் புட்டி. அதைக் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு வருவார். நான் குனிந்து பந்தை அடிக்கப்போகும் நேரம் பார்த்துக் கிணுகிணு என்று சத்தம் கேட்கும். ஒன்பதாவது விதி: ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பையில் சத்தம் வரும் பொருள் இருக்கக் கூடாது. சொன்னேன். "சட்டம் சொன்னா அப்பீலே கிடையாது" என்று புட்டியை எடுத்து வண்டியின் வலைப்பையில் போட்டார். அதற்குள் ஏற்கெனவே அவருடைய செல்போன் இருந்தது. ஐந்தாவது விதி: போன் வண்டியில்தான் இருக்க வேண்டும்.

அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அப்படித்தான் நம்புகிறேன்.

மூன்று, நான்கு வாரம் போன பிறகு ஏழாம் குழி மேட்டில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது. மருந்து என் பக்கத்தில் இருக்கிறது, ஆள் நாற்பத்திரண்டு படிக்குக் கீழே இருக்கிறார். லிஃப்டில் இந்த மாதிரி ஒன்றைக் கண்டால் அன்றைக்கே சிவப்பு அட்டை தொங்கவிட்டுப் பூட்டியிருப்பேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை, நான்கைந்து நிமிடம், அவர் என் பொறுப்பில் இருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

நான்காம் குழியில் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "சட்டம், அடுத்த மாசத்துலேர்ந்து பேட்டரி வண்டிதான். தள்ளக் கூடாதுங்கறாங்க. பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா." நான் காபியைக் குடித்தேன். "என் வண்டிய யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

எங்கள் மைதானத்தில் நடக்கிறவர்களுக்குக் காலை பத்து மணி வரை. பேட்டரி வண்டிகளைப் புல் காய்ந்த பிறகு, பதினொன்றுக்கு மேல்தான் விடுவார்கள். அதாவது அவர் எனக்கு எதிர்ப்பட்டால் வண்டி நிறுத்துமிடத்தில் எதிர்ப்படுவார், கை காட்டுவார், அவ்வளவுதான். அந்த வண்டியில் இரண்டு இருக்கை. இன்னொன்றில் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் கொஞ்ச நாளாகவே டாக்டரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மைதானம் அதிரச் சிரிப்பார், கிரீன் மேலேயே நின்று போன் பேசுவார். பேட்டரி வண்டிக்காரர்களைப் பற்றி நான் ஒரு விதிகூட எழுதவில்லை. எழுதினால் திருந்துகிற கூட்டம் இல்லை அது.

டாக்டர் மேலே ஏதோ சொல்ல வந்தார். "அதான், நான் என்ன யோசிச்சேன்னா, நீங்களும்" என்று ஆரம்பித்தார். பக்கத்துக் குழியில் ஒருவர் பந்துக்கு முன்னால் நின்று மட்டையை ஓங்கினார். நான் உதட்டில் விரல் வைத்தேன். முதல் விதி. அவர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் முன்னால் நடந்துவிட்டேன். ஐந்தாம் குழியிலும் ஆறாம் குழியிலும் அவர் பேச்சுக் கொடுத்தார், நான் உம் கொட்டவில்லை. எனக்குக் கோபம் இல்லை. அழுகை வந்துவிடும்போல இருந்தது, அறுபத்தெட்டு வயதில் மைதானத்தில் அழுதால் நன்றாக இருக்காது.

ஏழாம் குழியில் அவர் முகம் வேர்த்திருந்தது. நான் முடித்துவிட்டேன். அவர் இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவதற்கு நின்றுகொண்டிருந்தார். வழக்கப்படி நான் இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

இங்கே ஒரு வரி விட்டுப்போகிறது. நான் அவர் வண்டியின் பிரேக்கை எடுத்தபோது அவர் மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "சட்டம், என் வண்டிய விட்டுட்டுப் போங்க. கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு." மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் தெளிவாகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்றால், "பின்னால ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, டாக்டர். மேல வந்து எடுத்துக்கலாம்." சொல்லிவிட்டுத் தள்ளினேன். வலது கையில் என் வண்டி, இடது கையில் அவர் வண்டி. வளைவில் இரண்டையும் ஒன்றாகத் தள்ளுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

மேலே வந்து இரண்டு வண்டிக்கும் பிரேக் போட்டேன். கீழே பார்த்தேன். அவர் கிரீனை விட்டு வெளியே வந்து மூன்று படியோ நான்கு படியோ ஏறி உட்கார்ந்துவிட்டார். "சட்டம்" என்று கூப்பிட்டார். பள்ளமாதலால் அங்கே முணுமுணுத்தால்கூட மேலே கேட்கும். நான் அசையவில்லை. இரண்டாவது தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் அவர் வாயால் என் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த மேட்டில் ஒரு மணி தொங்குகிறது. பின்னால் ஆடுகிறவர்களுக்குப் பள்ளத்தில் ஆள் இருப்பது தெரியாது. எனவே கடைசி ஆள் மேலே வந்ததும் மணியை அடிக்க வேண்டும், அது கேட்ட பிறகுதான் அவர்கள் பந்தை அடிப்பார்கள். அன்று பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. நான் மணியைத் தொட்டிருந்தால் மூன்று நிமிடத்தில் அந்த அம்மா அங்கே வந்திருப்பார். ஆனால் கடைசி ஆள் மேலே வரவில்லையே. ஆகவே நான் அடிக்கவில்லை. அவர்கள் பன்னிரண்டு நிமிடம் முணுமுணுக்காமல் காத்திருந்ததாக உங்களிடம் சொன்னார்களாம். நல்ல மனிதர்கள், அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒன்பது நாற்பதுக்கு வலைப்பையில் போன் அதிர்ந்தது. 'மகள்' என்று இருந்தது. நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது. அடுத்தவர் போனை எடுப்பது நாகரிகம் இல்லை. அதற்கு விதி எழுத வேண்டியதே இல்லை.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்கவில்லை. தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் படியில் சாய்ந்தார், கொஞ்ச நேரம் கால் மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் இல்லை. ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். புட்டியை அவருடைய கால்சட்டைப் பையில் வைத்தேன். 'மருந்து பையில் இருந்தது, எடுத்துப் பயன்படுத்த அவகாசம் கிடைக்கவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. பிறகு மேலே ஏறி, விடாமல் மணியை அடித்தேன். நாற்பத்திரண்டு படி ஏறியதில் எனக்கு மூச்சு இரைத்தது. அதைத்தான் அவர்கள் பதற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் படவில்லை. முன்மேசைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள், ஒரே வாரத்தில் ஏழு பேர் இந்தப் படியேறி வந்தார்கள். வீட்டில் டம்ளர் போதவில்லை. இப்படியே விட்டிருந்தால் நீங்கள் கேட்ட நான்கு வரியோடு முடித்திருப்பேன்.

நேற்று மதியம் டாக்டரின் மகள் வந்தாள். பிளாஸ்க்கைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தாள். "கடைசி நேரத்துல நீங்க கூட இருந்தீங்க அங்கிள், அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பேட்டரி வண்டிப் பதிவுச் சீட்டு. செவ்வாய், வெள்ளி, பதினொரு மணி, வருடம் முழுக்க. அவர் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

"உங்ககிட்ட இன்னும் சொல்லலைன்னு பயந்துக்கிட்டே இருந்தார். அன்னைக்குக் காலைல நான் போன் பண்ணதே அதுக்குத்தான். அங்கிள் சரின்னாரான்னு கேக்க."

நான் பேட்டரி வண்டியில் ஏறுகிற ஆள் இல்லை என்று சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "அப்பாவும் அதத்தான் சொன்னார். மொதல்ல மாட்டேம்பார், அப்புறம் இடது பக்கம் ஏறி உக்காந்துக்கிட்டு எனக்கே எப்படி ஓட்டணும்னு சொல்லித் தருவார், பாருன்னு."

அவள் போன பிறகு அந்தத் தாளை நிறையத் தடவை படித்தேன். என் பெயரை முழுசாக, இனிஷியலோடு, பிழையில்லாமல் எழுதியிருந்தார். ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் உங்களுக்குப் போன் செய்து, கையெழுத்து வாங்க நீங்களே வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

வரிசையாகச் சொல்லியாயிற்று. வலிக்கிறது என்று தெரிந்துதான் மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டும் கொடுக்கவில்லை. மணியை அடிக்காமல் நின்றேன். செத்த பிறகு புட்டியைப் பையில் வைத்தேன். நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயர் எழுதியிருந்தாரே, நீ தப்பாகப் புரிந்துகொண்டாயே என்று நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் சொல்வார்கள். நானும் ராத்திரி முழுக்க அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பதினோரு வருடத்தில் காய்ச்சல், மழை என்று ஒரு செவ்வாய்க்கிழமைகூட நான் வராமல் இருந்ததில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமையும் எட்டு மணிக்கு வண்டியோடு போய்ப் பத்து மணி வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன். எப்படிப் பார்த்தாலும், விட்டுவிட்டுப் போனது அவர்தான்.